ஆற்றில் விடப்படும் நீர் யாருடைய பங்கு?

ஆற்று நீரைப் பற்றிய விவாதங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: மனிதருக்கே நீர் போதாதபோது மீனுக்கு எதற்கு நீர்? அணைகளிலிருந்து ஆற்றுக்குக் குறைந்தபட்ச நீரோட்டமாவது விடப்பட வேண்டும் என்று சூழலியலாளர்கள் கோரும்போதெல்லாம், ஆயக்கட்டுதாரர்களிடமிருந்தும் அவர்களது வாக்கை நம்பும் கட்சிகளிடமிருந்தும் இக்கேள்வி வருகிறது. கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இக்கேள்வியில் 'மனிதர்' என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பதுதான் நாம் ஆராய வேண்டியது.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துக்கு மேற்கே, வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆற்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். இந்த ஆற்றின் நீர்க்கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பங்கீட்டிலிருந்து மீனை விலக்கி வைத்த விதி எதுவோ, அதே விதிதான் நிலமற்ற தலித் மக்களையும் பழங்குடிகளையும் விலக்கி வைத்திருக்கிறது. எனவே, மீனுக்காக ஆற்றில் விடப்படும் நீரும் நிலமற்றவர்களின் நீருரிமையும் எதிரெதிர்க் கோரிக்கைகள் ஆகமாட்டா. இரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுப்பவேண்டிய கட்டாயம் தலித் இயக்கங்களுக்கு இருக்கிறது.

ஏக்கரில் அளக்கப்படும் ஆறு

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி, விழுப்புரம் மாவட்டம் வழியாக வந்து புதுச்சேரிக்குள் நுழைந்து, கழிமுகப் பகுதியில் அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலில் கலக்கிறது. செஞ்சி ஆறு, வராக நதி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. 1950களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணை இதன் நீரைத் தேக்குகிறது. அந்த அணையின் பயனாக அரசு சொல்வது 3,200 ஏக்கர் பாசனம். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். அணைக்குக் கீழே செட்டிப்பட்டு, பிள்ளையார்குப்பம் முதலிய இடங்களில் படுகை அணைகள் உள்ளன. சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஆற்று நீர் ஊசுட்டேரிக்குச் செல்கிறது. சுமார் 800 எக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரிதான் புதுச்சேரி வட்டாரத்தின் பெரிய ஏரி. அதன் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது.

இந்தக் கணக்கின் அளவுகோல் ஏக்கர். எவருக்கு ஆயக்கட்டில் நிலம் உண்டோ அவருக்கே நீரில் பங்கு உண்டு. நிலத்தின் மேல் உரிமை இல்லாதவருக்கு, அவர் அந்த ஆற்றங்கரையிலேயே பல தலைமுறையாக வாழ்ந்தாலும், பங்கு இல்லை. இந்தியாவில் பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கினர். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் சாகுபடி செய்யும் நிலமோ மொத்தப் பரப்பில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே. அந்த நிலத்திலும் பெரும்பகுதி சிறு துண்டுகளாக, வாய்க்காலின் கடைமடையில் அல்லது மானாவாரியில் இருக்கிறது. நிலத்தோடு நீரைப் பிணைத்துவிட்ட மறுகணமே நிலத்தில் இருந்த சாதி நீருக்குள்ளும் வந்துவிடுகிறது. தனியாக ஒரு தீண்டாமைச் சட்டம் அதற்குத் தேவைப்படவில்லை.

தமிழகத்து ஏரிப்பாசன வரலாற்றில் இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. மடையைத் திறந்து மூடியவர், வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சியவர், வெள்ளக் காலத்தில் கரையைக் காத்தவர் நீர்க்கட்டி அல்லது நீராணிக்கர். பல ஊர்களில் அவர் சேரியைச் சேர்ந்தவராகவே இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அவரே அறிந்திருந்தார், சொட்டு நீரும் வீணாகாமல் அவரே பங்கிட்டார். ஆனால், பங்கிட்ட நீரில் அவருக்குப் பங்கு இல்லை. அறுவடையில் அளக்கப்பட்ட சில மரக்கால் நெல்லே அவருக்குக் கூலி. ஆற்றின் நிர்வாகத்தில் தலித்துகள் இல்லாமல் இல்லை, உரிமையில்தான் இல்லை.

ஆயினும், ஏட்டில் இல்லாத ஒரு பங்கு நடைமுறையில் இருந்துவந்தது. அது மீன். விரால், கெளுத்தி, குறவை, ஆரல், உளுவை, அயிரை ஆகியவை ஓடையிலும் வயல் வாய்க்காலிலும் ஏரியின் வடிகாலிலும் கிடைத்தன. நிலமில்லாத குடும்பத்துக்கு விலை கொடுக்காமல் கிடைத்த புரதம் அது. சங்கராபரணியின் கரையோரங்களிலும் கழிமுகத்திலும் கையால் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த இருளர்களுக்கு அதுவே வாழ்வாதாரம். அந்த இருளர்கள் புதுச்சேரியில் பழங்குடிப் பட்டியலில் இடம்பெறுவதற்கே 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆற்றில் மீன் குறையும்போது ஆயக்கட்டுதாரர் எதையும் இழப்பதில்லை. இழப்பவர் யார் என்பது அரசின் எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை.

மீனுக்கு என்ன வேண்டும்?

நீர் இருந்தால் மீன் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். மீனுக்கு நீரின் அளவு மட்டும் போதாது. ஓட்டம் வேண்டும், அது உரிய பருவத்தில் வர வேண்டும், நீரில் கரைந்த உயிர்வளி வேண்டும், மேலும் கீழும் சென்றுவர வழி வேண்டும்.

விலாங்கு மீனை எடுத்துக்கொள்வோம். அது கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து, நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மறுபடியும் கடலுக்குத் திரும்புகிறது. நம் ஆறுகளில் வாழும் விலாங்கு இனங்கள் உலக அளவில் அழிவின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருப்பவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆற்றின் குறுக்கே, மீன் கடந்து செல்லும் படிவழி இல்லாமல் கட்டப்படும் ஒவ்வொரு தடுப்பணையும் இத்தகைய மீனுக்கு அடைக்கப்பட்ட கதவு. நிலத்தடி நீரைப் பெருக்கவும் கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கவும் படுகை அணை தேவை என்பதை மறுக்க முடியாது. நிலத்தடி நீரையே குடிநீருக்கு நம்பியிருக்கும் புதுச்சேரிக்கு அது உயிர்நாடி. ஆனால், கட்டும்போதே மீன்வழி அமைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு அணையின் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதிதான். அது வரைபடத்தில் இடம்பெறாததற்குக் காரணம் பொறியியல் அறிவின்மை அன்று. அதைக் கேட்கும் உரிமை பெற்றவர் எவரும் அந்த மேசையில் இல்லை என்பதே காரணம்.

மழைக்காலத்தில் நீர் படிப்படியாக உயர்வது பல மீன்களுக்கு இனப்பெருக்க அழைப்பு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, அணை நிரம்பியபின் ஒரே இரவில் திறந்துவிடப்படும் நீர் அவ்வழைப்பு ஆகாது. அது முட்டையையும் குஞ்சையும் அடித்துச் செல்லும் பேரிடர். அதே நீர் மனிதருக்கும் பேரிடரே. 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலையடுத்து, டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் நீர் வெளியேறியது. ஆற்றின் இரு கரைகளிலும் ஊர்கள் மூழ்கின, புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் தப்பவில்லை. தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பவர் யார், ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் யார் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அணையின் நீர்திறப்பு விதியில் பாசனமும் அணையின் பாதுகாப்பும் மட்டுமே இருக்கும்வரை, வறட்சியில் நீர் மறுக்கப்படுவதும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவதும் மீனுக்கும் சேரிக்கும் பொதுவான விதியாகவே இருக்கும்.

போன நீரும் வந்த கழிவும்

உயிர்வளியின் கதை ரெட்டியார்பாளையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்காலத்தில், பக்கத்து முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து பிரெஞ்சு நகருக்கு நல்ல நீர் கொண்டுசெல்லப்பட்டது. அந்நீருக்கு நினைவுச் சின்னம் ஆயி மண்டபம். ஆயி என்பவர் கணிகை என்பதற்காக அவரது மாளிகையை இடிக்க மன்னர் ஆணையிட்டார் என்றும், அவரே அதை இடித்து அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினார் என்றும் மரபுக்கதை சொல்கிறது. பிறப்பையும் தொழிலையும் காட்டி இகழப்பட்ட ஒரு பெண்ணின் குளத்து நீரைக் குடித்தது வெள்ளை நகரம். நினைவுச் சின்னம் மட்டும் நகரின் நடுவே, ஆளுநர் மாளிகைக்கு எதிரே எழுந்தது.

நல்ல நீர் போன திசையிலிருந்து இன்று கழிவுநீர் திரும்பி வருகிறது. ரெட்டியார்பாளையத்தை அடுத்த கனகன் ஏரிப் பகுதியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக வெளியேறிய நச்சுவாயு மூன்று பெண்களின் உயிரைப் பறித்தது. அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. சாக்கடையில் இறங்கியவர்கள்தான் சாவார்கள், அவர்கள் ஒரு குறிப்பிட்ட சாதியினராகவே இருப்பார்கள் என்று பழகிப்போன சமூகத்துக்கு, வீட்டுக்குள்ளேயே வந்த அந்தச் சாவு ஓர் அதிர்ச்சி. 2013ஆம் ஆண்டுச் சட்டமும், உச்ச நீதிமன்றத்தின் 2014, 2023 தீர்ப்புகளும் மலக்குழிச் சாவுகளைத் தடுக்க ஆணையிட்ட பின்னும், கழிவுநீர் மேலாண்மையை எளியவர்களின் உயிரைப் பணயம் வைத்தே நடத்தும் வழக்கம் மாறவில்லை. அந்த வழக்கத்தின் விளைவு சாக்கடைக்குழியோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கும் ஆற்று மீனுக்கும் என்ன தொடர்பு? வேதியியல் அடிப்படையில் இரண்டும் ஒரே நிகழ்வு. கழிவிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. உயிர்வளி தீர்ந்தபின், அது தேவைப்படாத வேறு நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற நச்சு வாயுக்களை உண்டாக்குகின்றன. மூடிய குழாயில் அது மனிதரைக் கொல்லும் வாயு. ஓட்டமற்ற ஆற்றில் அது மீனைக் கொல்லும் கருநீர். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராம் உயிர்வளியாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அவ்வாரியம் 2018இல் நாடு முழுவதும் மாசுபட்டவையாக அடையாளம் கண்ட 351 ஆற்றுப்பகுதிகளில் சங்கராபரணியின் கிளையான சுண்ணாம்பாறும் ஒன்று. காரைக்காலின் அரசலாறும் அப்பட்டியலில் உண்டு.

மேலே அணை நீரைப் பிடித்துவைக்கிறது, கீழே நகரம் கழிவை விடுகிறது. ஓட்டம் குறைந்த ஆற்றில் கழிவின் செறிவு கூடுகிறது. உயிர்வளி குறைந்த நீரில் விராலும் கெளுத்தியும் போன்ற, காற்றிலிருந்தும் சுவாசிக்கும் மீன்கள் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். மற்றவை மறையும். அந்த இடத்தை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும், தடை செய்யப்பட்டும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பிடித்துக்கொள்கின்றன. "ஆற்றில் மீன் இருக்கத்தானே செய்கிறது" என்று அதிகாரிகள் சொல்லும்போது அவர்கள் காட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

காவிரியில் பத்து டிஎம்சி

மீனுக்கென்று நீர் ஒதுக்க முடியாது என்போர் காவிரித் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும். அவ்வழக்கில் புதுச்சேரியும் ஒரு தரப்பு. 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றம் அளித்த இறுதி ஆணையில் மொத்தம் 740 டிஎம்சி நீர் பங்கிடப்பட்டது. காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்குக் கிடைத்தது 7 டிஎம்சி. அதே ஆணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென 10 டிஎம்சி தனியே ஒதுக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்தபோதும் இந்தப் பத்தில் கை வைக்கவில்லை. ஆக, ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இந்நாட்டின் மிகக் கடுமையான நீர்த் தகராறிலேயே ஏற்கப்பட்ட கொள்கை.

ஆனால், அந்தப் பங்கு மொத்தத்தில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. அது எந்த உயிரினத்துக்கு, எந்தப் பகுதியில் பயன்படுகிறது என்று பார்த்தால் குறை இன்னும் தெளிவாகும். காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய திமில் மஹ்சீர், ஐம்பது கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய நன்னீர் மீன். அதன் அறிவியல் அடையாளமே 2018இல்தான் உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டில் அது மிக மோசமாக அழிவுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களுள் முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாறு முக்கியமானது. மஹ்சீர்கள் மழைக்காலப் பெருக்கில் மேல்நோக்கிச் சென்று, கூழாங்கல் படுகையில் முட்டையிடுபவை. 2007ஆம் ஆண்டு அட்டவணை பிலிகுண்டுலுவில் பிப்ரவரி முதல் மே வரை மாதந்தோறும் 2.5 டிஎம்சி வர வேண்டும் என்கிறது. கோடையில் ஆறு முற்றிலும் வறளாதிருக்க அது உதவும். ஆனால் மோயாற்றின் மீனுக்கு வேண்டியது, மோயாற்றில், மழைக்காலத்தில் வரும் ஓட்டம். மாநில எல்லையில் அளக்கப்படும் நீர் மாநிலங்களின் மானத்தைக் காக்கலாம், மீனின் முட்டையைக் காக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினேழு ஆண்டுகள் விசாரித்து எழுதப்பட்ட அப்பங்கீடு மாநிலங்களுக்கிடையே முடிந்துவிடுகிறது. மாநிலத்துக்குள் நீர் போகும் வழி மறுபடியும் ஆயக்கட்டுதான். டெல்டாவின் தலித் விவசாயத் தொழிலாளருக்கு அந்த நூற்றுக்கணக்கான டிஎம்சியில் தனிப் பங்கு கிடையாது. அறிவிக்கப்பட்ட பங்கு பெற்ற மீனின் நிலை அதைவிடச் சற்று மேல் என்றுகூடச் சொல்லலாம்.

க்ளாமத் சொல்லும் பாடம்

'உழவருக்கு எதிராக மீன்' என்ற கதை உலகில் மிகப் பெரிதாகச் சொல்லப்பட்ட இடம், அமெரிக்காவின் ஆரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் ஓடும் க்ளாமத் ஆறு. 2001ஆம் ஆண்டு வறட்சியில், அழிவுக்குள்ளான மீன்களைக் காப்பதற்காக அரசு பாசன வாய்க்காலை மூடியது. உழவர்கள் கொதித்தெழுந்தனர். நாடெங்கும் ஊடகங்கள் மீனா மனிதரா என்று கேட்டன. மறு ஆண்டு பாசனத்துக்கு நீர் திறக்கப்பட்டது. 2002 செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன் மீன்கள் செத்து மிதந்தன.

இந்தக் கதையில் ஊடகங்கள் மறைத்துவிட்ட மூன்றாம் தரப்பு ஒன்று இருந்தது. அது அந்த மீனை உண்டு, அதை முன்னோரின் உறவாகப் போற்றி வாழ்ந்த பழங்குடி மக்கள். நிலம் பிடுங்கப்பட்ட க்ளாமத் பழங்குடியினர், ஆற்றின் கீழ்ப்பகுதியில் யூரோக், கரூக் மக்கள். 1864ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் க்ளாமத் பழங்குடியினர் பெரும் நிலப்பரப்பை இழந்தனர். ஆனால் மீன்பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மீன்பிடிக்கும் உரிமை இருக்கிறதென்றால், மீன் வாழும் அளவுக்கு ஆற்றில் நீர் ஓடவும் உரிமை இருக்கிறது என்று 1983இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நீரை வயலுக்கு எடுத்துச் செல்லும் உரிமைக்கு இணையாக, நீரை ஆற்றிலேயே விட்டுவைக்கும் உரிமை அங்கே சட்டமாயிற்று. பல பத்தாண்டுப் போராட்டத்தின் பின் 2023, 2024ஆம் ஆண்டுகளில் அந்த ஆற்றிலிருந்து நான்கு அணைகள் அகற்றப்பட்டன. 2024 அக்டோபரிலேயே சால்மன், அணைகள் இருந்த இடத்துக்கு மேலே நீந்திச் சென்றது.

நம் நிலைமை அப்படியே அதற்கு ஒப்பாகாது. தலித் மக்களின் கையில் 1864ஆம் ஆண்டு ஒப்பந்தம் போன்ற ஆவணம் ஏதும் இல்லை. நம் மீன்பிடிப்பு, வழக்கமாக இருந்தது, உரிமையாக எழுதப்படவில்லை. ஏரி மீன் ஏலம் விடப்படும்போது, அதாவது மீன்பாசிக் குத்தகை போகும்போது, பணமுள்ளவர் எடுப்பார், ஊர்ச் சாதியின் கட்டுப்பாடு உள்ள இடத்தில் சேரியினர் ஏலம் கேட்கவே முடியாது. க்ளாமத்தின் பாடம் நமக்கு அணையை உடைக்கச் சொல்லவில்லை. மீன் உரிமையை எழுத்தில் பெறுங்கள், அதன் பின்னால் நீர் உரிமை வரும் என்கிறது.

இரண்டு ஐயங்கள்

சூழலியல் என்ற சொல்லைக் கேட்டதும் தலித், பழங்குடி இயக்கங்களில் ஐயம் எழுவது இயல்பு. அதற்கு வரலாறு காரணம். காப்பு என்ற பெயரால் வெளியேற்றப்பட்டவர்கள் எப்போதும் பட்டா இல்லாதவர்களே. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இலும், தமிழ்நாட்டுப் பகுதி 2015இலும் பறவைகள் சரணாலயமாயின. பறவைக்கு இடம் கிடைத்தது நல்லதே. ஆனால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சரணாலய எல்லைக்குள் மக்களுக்கு இருந்துவரும் உரிமையைத் தொடர அனுமதிக்கவும் இடம் தருகிறது. அதற்கு உரிமை முதலில் பதிவாக வேண்டும். பத்திரம் வைத்திருப்பவரின் உரிமை எளிதில் பதிவாகும். மாலையில் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்தவரின் உரிமையை எவர் பதிவார்? சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது, அதன் வாசலில் ஆவணம் கேட்கப்படுகிறது. மோயாறு போன்ற காட்டுப் பகுதிகளில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மீனையும் நீர்நிலையின் பிற பொருள்களையும் சமூக உரிமையாக ஏற்கிறது. பழங்குடி அல்லாத தலித் குடும்பம் அதைப் பெறவேண்டுமானால் மூன்று தலைமுறை வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது ஐயம் இன்னும் கடினமானது. ஆற்றுக்கு நீர் விட்டால் ஆயக்கட்டுக்கு நீர் குறையும், அதனால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் குறைந்து முதலில் நிற்பது தலித் பெண்களின் கூலிவேலை அல்லவா? ஆம், அந்த அச்சம் உண்மையானது. பயிர் கருகினால் நிவாரணம் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, வேலையிழந்தவருக்குப் போவதில்லை. ஆகவே ஆற்றோட்டத்தைக் கோரும் எவரும் அதன் சுமையை யார் சுமப்பது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். வறட்சி ஆண்டில் குறைக்கப்பட வேண்டியது முதலில் நீர் அதிகம் குடிக்கும் கரும்பு. ஈடு வழங்கப்பட வேண்டியது நிலத்துக்கு மட்டுமன்றி இழந்த வேலைநாளுக்கும். இதைச் சொல்லாத சூழலியல், ஏழையின் செலவில் நடக்கும் புண்ணியம்.

எதைக் கேட்பது?

முதலாவது, சங்கராபரணிக்கு எழுத்தில் ஒரு குறைந்தபட்ச ஓட்டம். கங்கையின் மேற்பகுதிக்கு 2018 அக்டோபரில் இந்திய அரசு அப்படி ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. பருவத்துக்கேற்ப மாத நீர்வரத்தில் 20, 25, 30 விழுக்காடு ஆற்றில் விடப்பட வேண்டும் என்கிறது அது. கங்கைக்கு உள்ளது சங்கராபரணிக்கு ஏன் இல்லை? புனிதம் என்ற ஒரு காரணத்தைத் தவிர வேறு விடை இருக்க முடியாது. வீடூர் தமிழ்நாட்டிலும் கழிமுகம் புதுச்சேரியிலும் இருப்பதால் இரு அரசுகளும் சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கர், ஆற்றை மாகாண எல்லைகளால் துண்டாடாமல் படுகை முழுவதையும் ஒன்றாகக் கொண்டு திட்டமிட வேண்டும் என்ற கொள்கைக்கு வடிவம் கொடுத்தார். 1945இல் மத்திய நீர்வழி, பாசன, போக்குவரத்து ஆணையம் அமைந்ததும் அவ்வழியில்தான். 1956ஆம் ஆண்டின் ஆற்று வாரியங்கள் சட்டம் இன்றும் ஏட்டில் உள்ளது, அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை.

இரண்டாவது, புதிதாகக் கட்டப்படும், பழுதுபார்க்கப்படும் ஒவ்வொரு படுகை அணையிலும் மீன்வழி. மூன்றாவது, ஆற்றுக்கு வரும் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிக்கப்படுவதும், அந்தப் பணி இயந்திரத்தால், பாதுகாப்புடன், உரிய ஊதியத்துடன் செய்யப்படுவதும். ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி ஒரு தொழிலாளரைக் குழிக்குள் இறக்கும் அரசுக்கு ஆற்றைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை.

நான்காவது, ஏரிகளிலும் ஆற்றிலும் மீன்பிடி உரிமையை ஏலத்திலிருந்து விடுவித்து, நிலமற்ற தலித், இருளர் குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, பெண்களின் பெயரில், நீண்டகாலக் குத்தகையாக அளிப்பது. நாட்டு மீனைக் காப்பதில் நேரடி நன்மை உள்ளவர் கரையில் இருந்தால்தான் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுபவரையும் இரவில் மணல் அள்ளுபவரையும் தட்டிக்கேட்க ஆள் இருக்கும். ஐந்தாவது, நீர்திறப்பை முடிவு செய்யும் குழுக்களில் நிலம் என்ற தகுதியை நீக்கி, நிலமற்றோருக்கும் மீன்பிடிப்போருக்கும் இடம்.

இவற்றில் சிலவற்றுக்கு அரசை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வீடூர் அணையின் நீர்திறப்பு விதிகளையும், படுகை அணைகளின் வரைபடங்களையும், ஊசுட்டேரியைச் சரணாலயமாக்கியபோது யாருடைய உரிமைகள் விசாரிக்கப்பட்டன என்ற பதிவையும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்த மாணவரும் கேட்கலாம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உயிர்வளியை அளக்கும் வசதி உண்டு. மாதம் ஒருமுறை வில்லியனூரிலும் திருக்காஞ்சியிலும் அரியாங்குப்பத்திலும் எடுத்த நீரின் அளவு, ஓராண்டில் மறுக்கவியலாத சான்றாகும். கரையோரக் காலனிகளில் மூத்தவர்களிடம் எந்த மீன் எந்த மாதம் எங்கே கிடைத்தது என்று கேட்டு, தேதியிட்டு, கையொப்பம் பெற்றுத் தொகுத்தால், அது உரிமைக் கோரிக்கையின் முதல் ஆவணம்.

1927 மார்ச் 20 அன்று மஹாட்டில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது நிலைநாட்டப்பட்டது, பொதுக் குளத்தில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது, அந்த உரிமை இன்னும் எவ்வளவு தாக்குதலுக்கு உள்ளாகிறது என்பதை நாடு கண்டது. குளத்திலும் குழாயிலும் நடத்திய போராட்டத்தை ஆற்றுக்கும் கொண்டுசெல்ல வேண்டிய காலம் இது. ஆயக்கட்டுக் கணக்கு முடிந்தபின் ஆற்றில் ஓடும் நீர் எவருக்கும் உரியதல்ல என்று நினைப்பவர்களிடம், அது எங்களுடையது, அதில் வாழும் மீனும் எங்களுடைய பங்கு என்று நாம் சொல்ல வேண்டும்.